பழைய 207 பிக்கப்புக்கு எந்த ரேடியேட்டர் போடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2006 மாடல் டாடா 207 டிஐ. மேட்டுப்பாளையத்தில் மளிகை, சிமெண்ட் ஏற்றி ஊட்டிக்குப் போய், அங்கிருந்து கேரட்டும் உருளையும் ஏற்றிக் கீழே வருகிற வண்டி. செம்பு-பித்தளை ரேடியேட்டர். கீழ் டேங்க் ஜாயின்ட்டில் ஒழுகி ஏற்கனவே ஈயம் வைத்தாயிற்று, இப்போது தண்ணீர் ஓடும் டியூப்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியான கோரே கசிகிறது. லோடோடு ஏறும்போது பர்லியார் தாண்டினால் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி நகர்கிறது. ரேடியேட்டர் கடைக்காரர் கோர் மாற்றச் சொல்கிறார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினியம் ரேடியேட்டர் மலிவு என்கிறார்கள். கூட்டாளி ஒருவர் "நாலு வரிசை கோர் போடு, அப்புறம் ஹீட்டே ஆகாது" என்கிறார். மூன்று பேரில் யார் பேச்சைக் கேட்பது?

ரேடியேட்டர் கடைக்காரர் பேச்சைத்தான். செம்பு-பித்தளையிலேயே, பழைய கோரின் அதே அளவு, அதே கனத்தில் புதுக் கோர். அலுமினியத்தை ஒதுக்க வேண்டியதில்லை, அதற்கான இடம் வேறு. நாலு வரிசையை மட்டும் மறந்துவிடுங்கள். ஏன் என்பதுதான் நீளமான கதை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒழுகுவது ஒரு பிரச்சினை, மலையில் ஹீட் ஆவது இன்னொரு பிரச்சினை. இரண்டுக்கும் ஒரே காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒழுகும் கோரைக் கட்டாயம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஹீட் ஆவதற்குக் காரணம் எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டாக இருந்தால், எவ்வளவு நல்ல கோர் போட்டாலும் அடுத்த வாரமே அதே பர்லியாரில் ஓரங்கட்டி நிற்பீர்கள்.

அதனால் காசு செலவழிப்பதற்கு முன் காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை வாய்வரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். முதலில் சில குமிழ்கள் வருவது சகஜம். நிற்காமல் சீராகக் குமிழ் வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கூடினால், சிலிண்டர் புகை தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். இன்னொரு அடையாளம், மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணிய ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைப்பது. தண்ணீர் சூடாகாமல் அழுத்தம் வருகிறதென்றால் அது வெப்பத்தால் வந்த அழுத்தம் இல்லை. நல்ல ஒர்க் ஷாப்பில் நீல நிறத் திரவம் வைத்த ஒரு சோதனைக் குழாய் இருக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சினால், புகை கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறிவிடும். அதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஃபேன் பெல்ட் தளர்வு, வாட்டர் பம்ப் கசிவு, கீழ் ஹோஸ். கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருந்தால் வேகம் கொடுக்கும்போது ஹோஸ் சப்பி ஒட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

இனி கோர் விஷயம். டியூப்களை முன்னும் பின்னுமாக நாலு வரிசை வைக்கச் சொல்லும் கூட்டாளியின் யோசனை கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வரிசை கூடினால் தண்ணீர் கூடும், தண்ணீர் கூடினால் குளிர்ச்சி கூடும் என்பது கணக்கு. ஆனால் ரேடியேட்டரில் திணறுவது தண்ணீர் இல்லை, காற்று. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறும்போது எவ்வளவு வெப்பத்தைச் சுமக்கிறதோ, அதையே காற்று சுமக்க ஏறக்குறைய 3500 லிட்டர் காற்று வேண்டும். 60-70 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் முழு இழுவையில் ரேடியேட்டர் வழியாகத் தள்ளுகிற வெப்பம் சுமார் 30 கிலோவாட், அதாவது வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் கெய்சர் பதினைந்தை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. கோருக்குள் நுழையும் காற்று 30 டிகிரி சூடேறி வெளியே வருகிறது என்று வைத்தால், ஒவ்வொரு நொடியும் 850 லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போயாக வேண்டும். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று இதை இலவசமாகக் கொடுத்துவிடும். குன்னூர் சாலையில் கொண்டை ஊசி வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று என்று ஒன்று கிடையாது. ஃபேன் இழுக்கிற காற்றுதான்.

இப்போது கோரைக் கனமாக்கினால் என்ன ஆகும்? முன் வரிசையைத் தாண்டும்போதே காற்று சூடாகிவிடும். பின் வரிசைகளுக்குப் போய்ச் சேர்வது ஏற்கனவே வெந்த காற்று. அந்த வரிசையில் இருக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் குறைவு என்பதால் அது செய்யும் வேலையும் குறைவு. அதோடு கனமான கோர் காற்றுக்குத் தடையும் அதிகம், ஃபேன் இழுக்கும் மொத்தக் காற்றே குறையும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் வண்டிக்கு நாலாவது வரிசை ஓரளவு பலன் தரலாம். ஊர்ந்து ஏறும் வண்டிக்குக் கொடுத்த காசுக்குப் பலன் தெரியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. கோர் பின்பக்கமாகப் பெருத்தால் ஃபேன் இதழுக்கும் கோருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கும். எஞ்சின் மவுண்ட் ரப்பர் பழசாகியிருந்தால், இழுவையில் எஞ்சின் அசையும்போது இதழ் கோரைச் சீவிவிடும்.

இதே கணக்குதான் டியூப்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடான ஃபின்னுக்கும். ஒரு அங்குலத்தில் எத்தனை ஃபின் என்று ஸ்கேல் வைத்து எண்ணிப் பாருங்கள். கார் ரேடியேட்டர்களில் 14, 16, அதற்கு மேலும் இருக்கும். நெருக்கமாக இருந்தால் பரப்பு கூடும், புது வண்டியில் குளிர்ச்சியும் கூடும். ஆனால் மண்டிக்குள் போய் வருகிற, சேறும் வைக்கோலும் காய்கறிச் சருகும் சுற்றிப் பறக்கிற இடத்தில் ஓடும் பிக்கப்புக்கு 10 முதல் 12 வரை போதும். அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம். 16 ஃபின் கோரில் நடுவே மண் இறங்கி இறுகினால் வெளியே பளிச்சென்று தெரியும், உள்ளே காற்றே போகாது.

கழுவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வீஸ் ஸ்டேஷனில் முன்பக்கமிருந்து பிரஷர் வாஷ் அடிப்பார்கள். அது குப்பையை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும், ஃபின்னையும் மடக்கிவிடும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே நோக்கி, சாதாரண ஹோஸ் தண்ணீரின் வேகத்தில் கழுவ வேண்டும்.

ரேடியேட்டரை விட அதிகமாக ஏமாற்றுவது ஷ்ரவுட். பழைய பிக்கப்புகளில் பாதிக்கு மேல் பார்த்தால் ஃபேனைச் சுற்றி வரும் அந்த வளையமே இருக்காது. ஏதோ ஒரு ரிப்பேரின்போது கழற்றி வைத்தது திரும்பப் போயிருக்காது. அது இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும். கோரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். அதோடு எஞ்சின் அறைக்குள் இருக்கும் வெந்த காற்றே ஓரங்கள் வழியாகச் சுற்றி மறுபடி ஃபேனுக்கு வந்து சேரும். உங்கள் வண்டியில் ஷ்ரவுட் இருக்கிறதா, உடைந்திருக்கிறதா, இதழ்கள் அகலத்தில் பாதியளவாவது அதற்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுக் கோருக்கு முன் அதை வாங்குங்கள். கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்க வாய்ப்பு உண்டு. ரேடியேட்டரை அங்கே வாங்காதீர்கள், ஷ்ரவுட் மாதிரியான தகரச் சாமானை வாங்கலாம்.

உங்கள் பாதைக்கென்று இருக்கும் இன்னொரு கணக்கு உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். அங்கே மூடி இல்லாத பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறப்பது 82 டிகிரி வட்டாரம். மூடி தளர்ந்துபோன வண்டிக்கு நடுவே மிச்சம் இருப்பது பத்து டிகிரிதான். அதே வண்டிக்கு 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற நல்ல மூடி இருந்தால் ஊட்டியிலேயே 115 டிகிரி வரை கொதிக்காது, மேட்டுப்பாளையத்தில் 118 வரை. சில நூறு ரூபாய் சாமான் இவ்வளவு வேலை செய்கிறது. ஆனால் பழைய மூடியின் ரப்பர் வெடித்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், யாரும் பார்ப்பதில்லை. புதுக் கோரோடு புது மூடியும் போடுங்கள். மூடியில் போட்டிருக்கும் எண், வண்டிக்குச் சொன்ன எண்ணாகவே இருக்க வேண்டும். "அதிக பிரஷர் மூடி போட்டால் நல்லது" என்று சொல்வார்கள். பழைய டேங்கும் ஹீட்டர் குழாயும் அதைத் தாங்காது. கழுத்தின் ஆழமும் பொருந்த வேண்டும், ஆழம் குறைந்த மூடி திருகி உட்கார்ந்த மாதிரி தெரியும், சீல் ஆகாது.

செம்பா, அலுமினியமா என்பதில் கடைக்குக் கடை வாதம் நடக்கும். செம்பு வெப்பத்தை அலுமினியத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும், அது உண்மை. ஆனால் செம்பு-பித்தளை கோரில் டியூபையும் ஃபின்னையும் ஒட்டியிருப்பது ஈயம் கலந்த பற்று, அது மோசமான கடத்தி. அலுமினியம் கோரில் உலையில் வைத்து மேற்பூச்சை உருக்கி இணைத்திருப்பார்கள், டியூபும் அகலமாக இருக்கும். ஆக, ஒழுங்காகச் செய்த இரண்டும் குளிர்ச்சியில் ஏறக்குறைய சமம்தான். எடையில் அலுமினியம் மிகவும் லேசு. இப்போது வரும் வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே அலுமினியத்துக்கு மாறியது எடைக்காகவும் விலைக்காகவும்.

உங்களுக்கு நான் செம்பைச் சொல்வது வழியில் நின்றால் யார் கை கொடுப்பார்கள் என்பதை வைத்து. பித்தளை டேங்க் கசிந்தால் காரமடையிலோ குன்னூரிலோ ஈயம் வைக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார், இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். டியூப் அடைத்தால் டேங்கைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தித் திறந்து, மறுபடி பற்று வைக்கலாம். பிளாஸ்டிக் டேங்க் கழுத்தில் விரிசல் விட்டால் அதோடு முடிந்தது. எபாக்ஸி பூசினால் ஒரு நாள் தாங்கும். அந்த டேங்க் கண்ணாடி இழை கலந்த நைலான். வருடக்கணக்கில் சூடேறி ஆறி, மேல் ஹோஸ் சேரும் இடத்தில் கருப்பு நிறம் பழுப்பாக மாற ஆரம்பிக்கும்போதே நொறுங்கும் பருவம் வந்துவிட்டது என்று பொருள். பழைய பிக்கப்பின் பாடி முறுக்கலும், குலுங்கலும், தளர்ந்த மவுண்ட் ரப்பரும் இதைச் சீக்கிரப்படுத்தும். அலுமினியம் தண்ணீர் விஷயத்திலும் கண்டிப்பு. கண்ட தண்ணீரை ஊற்றினால் உட்புறம் குழி விழும். பேட்டரி எர்த் வயர் தளர்ந்த பழைய வண்டியில் மின்சாரம் கூலண்ட் வழியாகப் பாயப் பார்க்கும், அதுவும் அலுமினியத்தை அரிக்கும்.

ஆனால் ஒன்று. இதெல்லாம் கோர் கட்டுபவர் ஒழுங்கானவராக இருந்தால்தான். மட்டமான செம்புக் கோரை விட நல்ல கம்பெனி அலுமினியம் பத்து மடங்கு மேல். வதோதராவின் பான்கோ போல ரேடியேட்டரே தொழிலாக இருக்கும் கம்பெனிகள் நம் நாட்டில் உண்டு. வண்டி கோவை-சேலம் சமவெளியில் மட்டும் ஓடுகிறது, கூலண்ட் ஒழுங்காக ஊற்றுவீர்கள் என்றால் அப்படிப்பட்ட அலுமினியத்தைத் தயங்காமல் வாங்கலாம். பெயர் தெரியாத, அட்டைப் பெட்டியில் வண்டி பெயர் மட்டும் ஒட்டியிருக்கும் அலுமினியத்தைத் தொடாதீர்கள்.

கோர் கட்டும் இடத்தில் என்ன பார்ப்பது? பழைய கோரைக் கழற்றியதும் ஒரு வரிசையில் எத்தனை டியூப், எத்தனை வரிசை, அங்குலத்துக்கு எத்தனை ஃபின் என்று நீங்களே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மலிவுக் கோரில் முதலில் குறைவது டியூப் எண்ணிக்கை. டியூபுக்கும் டியூபுக்கும் இடைவெளியைக் கூட்டிவிட்டால் வெளியே பார்க்க அதே அளவு, உள்ளே நாலில் மூன்று பங்கு வேலை. அடுத்து ஃபின் தகட்டின் கனம். விரலால் லேசாகத் தொட்டாலே மடங்குகிறதென்றால் ஒரு மழைக்காலச் சேற்றுக்குத் தாங்காது. கருப்பு பெயிண்டுக்கு அடியில் ஓரமாகச் சுரண்டினால் செம்பின் சிவப்பு தெரிய வேண்டும். பெயிண்டும் மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும், சுவருக்கு அடிப்பது மாதிரி அடித்தால் அதுவே காற்றுக்கும் வெப்பத்துக்கும் தடை. கட்டி முடித்ததும் தொட்டியில் முக்கிக் காற்றழுத்தம் கொடுத்து உங்கள் கண் முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய டேங்கில் ஏற்கனவே பல இடத்தில் ஈயம் ஏறியிருந்தால் டேங்கையும் மாற்றிவிடுவது நல்லது.

ரெடிமேடாக முழு ரேடியேட்டர் வாங்குவதாக இருந்தால் "207-க்கு" என்று பெயர் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் டர்போ இருப்பது, இல்லாதது, ஏசி வைத்தது என்று வந்திருக்கும், ரேடியேட்டரும் மாறும். பழையதைக் கையோடு கொண்டுபோய் கோரின் உயரம், அகலம், கனம், ஹோஸ் வாய் இருக்கும் பக்கம், வாயின் விட்டம், ஷ்ரவுட் போல்ட் ஓட்டைகள், அடி மவுண்ட் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இன்ச் டேப் மறக்க வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் எஞ்சின் பிளாக்கைக் கழுவுங்கள். பெரும்பாலும் யாரும் செய்யாத வேலை இதுதான். வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் பிளாக்கின் அடியில் துருச் சேறும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். புதுக் கோர் போட்டதும் அது கிளம்பி வந்து புது டியூபில் போய் அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஹோஸ்களைக் கழற்றி, எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுத் தெளிவாக வரும்வரை கழுவச் சொல்லுங்கள்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்ட வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று தூக்கி எறிகிற பழக்கம் பாதி மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மலை இறக்கத்தில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் மூடும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். ஹீட் ஆகக் கூடாதென்று கழற்றியது ஹீட்டைக் கூட்டும். வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள், திறக்காவிட்டால் புதுசு.

தண்ணீருக்கு டிஸ்டில்ட் வாட்டர், பேட்டரிக்கு ஊற்றுவதேதான். அதோடு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூலண்ட். ஊட்டியில் ஜனவரி உறைபனிக்கு அது போதும். அதற்கு மேல் கூட்ட வேண்டாம், கூலண்ட் வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை விட மட்டம். பாதிக்குப் பாதி கலந்தாலே ஒரு பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்துவிடும். செம்பு-பித்தளைக்கு வழக்கமான பச்சை வகையை வாங்குங்கள். சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் வரும் ஆர்கானிக் வகைகளில் பல ஈயப் பற்றை அரிக்கும். நிறம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல, டப்பாவில் எந்த உலோகத்துக்கு என்று போட்டிருப்பதைப் படியுங்கள். இரண்டு வகையைக் கலக்காதீர்கள், களிம்பு மாதிரி உறைந்து அடைக்கும். வடித்த கூலண்டைத் தெருவில் ஊற்ற வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் சாகும்.

வழியில் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது, லீக் ஸ்டாப் ஊற்றுவது எல்லாம் வீடு வந்து சேரப் பரவாயில்லை. போட்டால் ரேடியேட்டர் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், டியூபில் அதுதான் படிந்திருக்கும்.

ஓட்டுவதிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. உங்கள் ஃபேன் எஞ்சினோடு சுற்றுவது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு போனால் எஞ்சின் சுற்று குறைவு, ஃபேனும் பம்பும் மெதுவாகச் சுற்றும், ஆனால் எரியும் டீசல் அதிகம். ஒரு கியர் குறைத்து எஞ்சினைச் சற்று வேகமாகச் சுற்ற விட்டால் அதே வேகத்தில் முள் இறங்குவதை நீங்களே பார்க்கலாம். மே மாத சீசனில் மேலே போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாகத் திருப்பிவிடும்போது நெரிசலில் நின்று நின்று ஏற வேண்டியிருக்கும். அப்போது நிற்கும் இடத்தில் எஞ்சினை உடனே அணைக்காமல் ஐடிலுக்கு மேல் கொஞ்சம் சுற்ற விட்டுப் பிறகு அணையுங்கள். கொதிக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள்.

மாட்டியதும் லோடு இல்லாமல் ஒரு முறை கல்லாறு வரை போய் வாருங்கள். எஞ்சின் ஆறியதும் தண்ணீர் அளவைப் பாருங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறி அளவு இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள். ஓவர்ஃப்ளோ பாட்டிலில் ஏறிய தண்ணீர் ஆறும்போது ரேடியேட்டருக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாவிட்டால் மூடியின் உள் வால்வோ, அந்தச் சின்ன ஹோஸோ சரியில்லை. பிறகு முழு லோடோடு ஏறும்போது, பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, லேசர் தெர்மாமீட்டர் யாரிடமாவது இருந்தால் கோரின் முகம் முழுக்கப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் சீராகக் குறைய வேண்டும். நடுவே திட்டாக ஒரு இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த டியூப்களில் தண்ணீர் ஓடவில்லை. புதுக் கோரில் அப்படி இருந்தால் நேரே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

கோர் மாற்றும் கூலியைப் பேசும்போது பழைய கோர் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அது செம்பும் பித்தளையும், எடைக்கு நல்ல விலை போகும். கடைக்காரர் எடுத்துக்கொள்வதாக இருந்தால் தராசில் வைத்து, அன்றைய விலைக்கு, பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.